ஏழு நாட்டுச் சாப்பாடு, ஒரே மெனு: திருகோணமலையில் எதை ஓடர் பண்ணுவது?

பான் ஏசியன் என்று போர்டு போட்ட கடையில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தால் தாய்லாந்து, சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா எல்லாம் வரிசையாக நிற்கும். உள்ளே குசினி ஒன்றுதான். ஃப்ரீசர் ஒன்றோ இரண்டோ. அடுப்பில் நிற்பவர்கள் நாலைந்து பேர். அவர்கள் ஏழு நாட்டுச் சமையலையும் ஒரே கைப்பக்குவத்தோடு தருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அதனால் எந்த நாட்டுச் சாப்பாடு நல்லது என்று பக்கம் புரட்டுவதை விட்டுவிட்டு இந்தக் குசினிக்கு எந்தச் சாமான் பக்கத்திலேயே கிடைக்கும் என்று யோசித்துப் புரட்டுங்கள். நம்முடைய ஊரில் அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும்: மீன், இறால், கணவாய், நண்டு, தேங்காய், தேசிக்காய், புளி, கங்குன். இவை தலைமை தாங்குகிற தட்டுகளை எடுத்தால் பெரும்பாலும் காசு வீண்போகாது. கப்பலிலும் விமானத்திலும் உறைந்து வந்த சாமானை நம்பியிருக்கிற தட்டுகளை இரண்டாம் தரம் யோசியுங்கள்.

அதிலும் காலநிலையைப் பார்க்க வேண்டும். சித்திரையில் இருந்து புரட்டாதி வரை நம் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதி, வள்ளங்கள் ஒழுங்காகப் போகும், உப்புவெளி நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், பல நாள் தொழிலுக்கே போக முடியாது, அப்போது மெனுவில் அதே மீன் இருந்தாலும் அது வேறு கரையில் இருந்தோ ஐஸில் இருந்தோதான் வந்திருக்கும். மாரியில் போனால் கோழி, முட்டை, டோஃபு (சோயாப் பால்கட்டி), சூப் பக்கம் சாயுங்கள். எந்தக் காலமானாலும் ஓடர் எடுக்க வருகிற தம்பியிடம் "இண்டைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேளுங்கள். உடனே மீனின் பெயரைச் சொன்னால் நம்பலாம். "எல்லாம் இருக்கு" என்றால் எல்லாம் ஃப்ரீசரில் இருக்கு.

சரி, ஒவ்வொன்றாகப் போவோம்.

எனக்குத் தெரிந்து நம் ஆட்களுக்கு மிகச் சரியாகப் பொருந்துவது மலாய், இந்தோனேசியப் பக்கம். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவில் இருந்தும் சுற்றியுள்ள தீவுகளில் இருந்தும் வந்த மலாயர்கள் வழியாகத்தான் சம்பலும் அச்சாறும் வட்டலப்பமும் இந்தத் தீவுக்கு வந்தன என்பார்கள், ஆகவே அந்தப் பக்கத்துச் சுவை நம் நாக்குக்குப் புதிதில்லை. ஆனால் அதற்காக நசி கோரெங், அதாவது அந்தப் பக்கத்து ஃப்ரைட் ரைஸ், எடுக்காதீர்கள். அது இலங்கையில் சந்திக்குச் சந்தி கிடைக்கிறது, முட்டையைப் பொரித்து மேலே வைத்துவிட்டு மூன்று மடங்கு விலை போடுவார்கள். எடுக்க வேண்டியது லக்சாவும் ரெண்டாங்கும். லக்சாவில் இரண்டு ஜாதி உண்டு. கறி லக்சாவில் தேங்காய்ப்பால் நிறைய இருக்கும், இறால், டோஃபு, நூடில்ஸ் மிதக்கும். பினாங்குப் பக்கத்து அசாம் லக்சாவில் பாலே கிடையாது, புளியும் மீனும்தான், வாய் கூசுகிற புளிப்பு. மெனுவில் வெறுமனே லக்சா என்று போட்டிருந்தால் அநேகமாகக் கறி லக்சாதான், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ரெண்டாங் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களுடையது. மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் வற்ற வைத்து, கடைசியில் பால் வற்றிப் பிரிந்து வருகிற எண்ணெயிலேயே அது பொரிய வேண்டும். குழம்பாகத் தளும்பிக்கொண்டு வந்தால் அது அவசரத்தில் செய்தது. மாடு சாப்பிடாதவர்கள் கோழி ரெண்டாங் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் கோழிக்கு அவ்வளவு நேரம் தாங்காது என்பதால் அந்த ஆழம் வராது.

தாய் சாப்பாட்டில் எல்லாரும் முதலில் கை வைப்பது பேட் தாய் என்ற அரிசி நூடில்ஸ் வதக்கல். அது பழங்காலத்துப் பாரம்பரியம் என்று நினைக்கிறவர்கள் அதிகம், உண்மையில் 1930களின் கடைசியிலும் 40களிலும் பிரதமர் பிபூன் சொங்க்ராமின் அரசாங்கம் தேசிய உணவு மாதிரி தூக்கிவிட்ட சாப்பாடு அது, சியாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய அதே காலம். நல்ல பேட் தாயில் புளி, மீன் சோஸ், பனைச்சர்க்கரை மூன்றும் தெரிய வேண்டும், கச்சானைப் பொடித்துப் போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் தேசிக்காய்த் துண்டும் பச்சைப் பயற்றம் முளையும் வர வேண்டும். சிவப்பாக, இனிப்பாக வந்தால் குசினியில் தக்காளி சோஸ் ஊற்றியிருக்கிறார்கள், அடுத்த முறை வேறு எதையாவது எடுங்கள். என்னைக் கேட்டால் பேட் தாயைவிட டொம் யம் சூப்புக்குத்தான் என் வாக்கு. நம் கடலின் இறால், தேசிப்புளி, கொச்சிக்காய். இதைக் கெடுப்பது கஷ்டம். அதில் மிதக்கிற லெமன்கிராஸ் தண்டு, பேரரத்தைத் துண்டு, தேசி இலை மூன்றும் மணத்துக்குப் போட்டவை, அவற்றை மென்று தின்னத் தேவையில்லை, கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிடலாம். பச்சைக் கறி, சிவப்புக் கறி எடுத்தால் வெள்ளைச் சோற்றோடு எடுங்கள், ஃப்ரைட் ரைஸோடு எடுத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அப்புறம், தாய்லாந்துக்காரர்கள் சோற்றைக் கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும்தான் சாப்பிடுகிறார்கள், முள்ளால் தள்ளிக் கரண்டியால் வாயில் வைப்பார்கள். பச்சைக் கறிக்குக் குச்சி கேட்டு மேசையில் படம் காட்ட வேண்டியதில்லை.

உறைப்பைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சீசன் காலத்தில் கடற்கரையோரக் குசினிகள் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துச் சமைத்து உறைப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு உறைப்பு வேண்டுமானால் ஓடர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், தாளிக்கும்போது மிளகாய் விழுந்தால்தான் சாப்பாட்டில் ஏறும். சாப்பாடு வந்தபிறகு சொன்னால் செத்தல் மிளகாய்த் தூளை மேலே தூவிக்கொண்டு வந்து வைப்பார்கள், வேறென்ன செய்ய முடியும் அவர்களால். கொரியச் சாப்பாட்டின் சிவப்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். கொச்சுஜாங் என்ற அந்த மிளகாய் விழுது புளிக்க வைத்தது, இனிப்பும் உண்டு, நம் ஆட்களுக்கு அது பெரிய உறைப்பே இல்லை. சிச்சுவான் என்று எழுதியிருந்தால் மட்டும் கவனம்: அதில் போடுகிற சிச்சுவான் மிளகு உண்மையில் மிளகே இல்லை, தேசி, தோடை குடும்பத்துச் செடியின் காய், அது உறைப்பதை விட நாக்கை மரக்க வைக்கும். முதல் தடவை சாப்பிடுகிறவர் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்துவிடக் கூடாது.

சீனப் பக்கத்தில் கொஞ்சம் குழப்பம் உண்டு. சீனக்குடா என்றே ஒரு இடத்தை வைத்திருக்கிற ஊர் நாம், ஆனால் நாம் சின்ன வயதில் இருந்து சீனச் சாப்பாடு என்று சாப்பிட்டு வளர்ந்த டெவில் கோழியும் சொப்சி ரைஸும் இலங்கைக்காரச் சீனம். அவற்றை இந்த மாதிரிக் கடையில் எடுக்க வேண்டாம், டவுனில் பாதி விலைக்கு இன்னும் நன்றாகவே கிடைக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு ஹாட் பட்டர் கணவாய். இதுவும் இலங்கையில் பிறந்ததுதான், சீனாவில் போய்க் கேட்டால் கிடைக்காது, ஆனால் கணவாய் நல்ல நாளில் கிடைத்து, மாவு மெல்லியதாக, வெங்காயத்தாளும் செத்தல் மிளகாயும் பட்டரில் புரண்டு வந்தால் அந்த மேசையில் முதலில் முடிகிற தட்டு அதுதான். கணவாயை ஒன்றிரண்டு நிமிஷம் பொரிக்க வேண்டும், அதைத் தாண்டினால் ரப்பர். முதல் துண்டைக் கடித்ததும் தெரிந்துவிடும், இழுத்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அதோடு கங்குன் வதக்கல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மெனுவிலேயே மலிவான தட்டு அதுவாகத்தான் இருக்கும், உள்ளிப் பூண்டும் மிளகாயும் போட்டுப் பெரிய நெருப்பில் சில நொடி பிரட்டினால் முடிந்தது, அந்தக் குசினியின் அடுப்பு நல்ல அடுப்பா என்று பார்க்கவும் அதுவே போதும். தண்ணீர் விட்டுத் துவண்டு வந்தால் மற்ற வதக்கல்களும் அப்படித்தான் வரும்.

நண்டுக்கு ஒரு பத்தி தனியாகத் தேவை. சிங்கப்பூர் சில்லி கிராப் என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்த சாப்பாட்டுக்குச் சிங்கப்பூர்க் கடைகள் விரும்பி வாங்கியது இலங்கையின் களப்பு நண்டைத்தான், நம் நாட்டுப் பெரிய நண்டுகள் பெட்டியில் ஏறி அங்கே போய்விடும். அதே சாப்பாட்டை இங்கே உட்கார்ந்து எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: அது நம் வீட்டு நண்டுக்குழம்பு மாதிரி முருங்கையிலை மணக்க வராது, தக்காளியும் மிளகாயும் சேர்ந்த இனிப்புக் குழம்பு, கடைசியில் முட்டை உடைத்து ஊற்றியிருப்பார்கள். உறைப்புத்தான் வேண்டும் என்றால் கறுப்பு மிளகு நண்டு கேளுங்கள். சிங்கப்பூரில் குழம்பைத் தொட்டுச் சாப்பிட மாந்தௌ என்று ஒரு பொரித்த பணிஸ் கொடுப்பார்கள், இங்கே இல்லாவிட்டால் ரோஸ் பாண் கேளுங்கள், அதைவிட நன்றாக உறிஞ்சும். விலை பெரும்பாலும் நிறைக்குத்தான், மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. சமைக்க முன்னரே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், பில் வரும்போது முழிப்பதுதான் வெட்கம்.

ஜப்பான் பக்கம் வந்தால் நிறையப் பேர் சூஷி என்றாலே பச்சை மீன் என்று ஒதுங்குகிறார்கள். சூஷி என்றால் வினாகிரி போட்ட சோற்றைச் சேர்த்துச் செய்தது, அதில் முட்டையும் வரலாம், வெள்ளரிக்காயும் வரலாம், அவித்த இறாலும் வரலாம். சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் நறுக்கி வைத்தால் அது சஷிமி. முதல் தடவை போகிறவர்கள் இறால் தெம்புரா ரோலோ வெள்ளரிக்காய் ரோலோ எடுங்கள். பச்சை மீன் சாப்பிட விருப்பம் என்றால் சமன் மீனுக்கு ஆசைப்படாதீர்கள், அது குளிர் நாட்டில் இருந்து வருகிறது. சூரைக் குடும்பத்து மீன், அதாவது டூனா, நம் நாட்டுக் கடலில் பிடிக்கிறது, இருப்பதில் அதுதான் மேல். அதுவும் கடையில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், மீன் எப்போது வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், தட்டில் வந்தால் மீன் வாடை முகத்தில் அடிக்கக் கூடாது. கடித்ததும் நாக்கில் மிளகு பட்டது மாதிரிக் குத்தினால் அந்த மீனை அப்படியே வைத்துவிடுங்கள், வெக்கையில் கிடந்த டூனாவில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறியிருக்கும், பச்சையாக இருந்தாலும் சமைத்திருந்தாலும் அது போகாது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் பச்சை மீன் பக்கமே போக வேண்டாம். சோயா சோஸில் தொடும்போது மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் உதிர்ந்து சோஸெல்லாம் சோறாகிவிடும். கையால் எடுத்துச் சாப்பிட்டால் ஜப்பான்காரரே ஒன்றும் சொல்ல மாட்டார். பச்சை நிறத்தில் ஒரு உருண்டை இருக்கும், வசாபி என்பார்கள், பெரும்பாலான கடைகளில் அது குதிரைமுள்ளங்கியும் கடுகும் சாயமும் சேர்ந்த விழுது, மூக்கில் ஏறும், நெல்லளவு போதும்.

தெம்புரா நல்ல தெரிவு, ஆனால் மேசைக்கு வந்த உடனே சாப்பிட வேண்டும். மாவில் தோய்த்துப் பொரிக்கிற அந்தப் பழக்கத்தை 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கேயர். அடுத்த நூற்றாண்டில் அதே போர்த்துக்கேயர்தான் இங்கே வந்து கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். ஜப்பானுக்குப் பொரியல், நமக்கு இடிபாடு. ராமென் என்ற நூடில்ஸ் சூப் பற்றி என் அபிப்பிராயம்: வேண்டாம். நல்ல ராமெனுக்கு எலும்பை நாள் முழுக்கக் காய்ச்சிய சாறு வேண்டும், நூறு சாமான் மெனுவில் வைத்திருக்கிற குசினியில் அதற்கு அடுப்பு ஒதுக்கமாட்டார்கள், சூப் கட்டியைக் கரைத்து ஊற்றுவார்கள், அப்படியென்றால் வீட்டில் பக்கெட் நூடில்ஸ் போட்டுக்கொள்ளலாம். வியட்நாமின் நூடில்ஸ் சூப்பான ஃபோவுக்கும் இதே கதைதான், கேட்டுப்பார்த்து எடுங்கள்.

இனி, மச்சம் சாப்பிடாதவர்களுக்கும் வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கும். மெனுவில் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் மரக்கறி என்று நம்பி எடுத்துவிடாதீர்கள், இந்தச் சாப்பாடுகளில் மச்சம் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். தாய் சாப்பாட்டில் உப்புக்குப் பதிலாக மீன் சோஸ் விழுகிறது. தாய் கறி விழுதுகளில் பெரும்பாலும் இறால் விழுது அரைத்திருக்கும். கங்குனில் ஒய்ஸ்டர் (சிப்பி) சோஸ் ஊற்றுவார்கள். கொரியாவின் புளிக்க வைத்த மரக்கறியான கிம்ச்சியில் மீன் சோஸோ உப்பில் ஊறிய இறாலோ அநேகமாக இருக்கும். ஜப்பானின் மீசோ சூப்பின் அடித்தண்ணீர் கட்சுவோபுஷியில் காய்ச்சியது, அது நம் மாசிக் கருவாட்டின் உறவுக்காரன், அதே சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைப்பது. ஆகவே "மரக்கறியா?" என்று கேட்டால் "ஓம்" என்று பதில் வரும், அதோடு நிற்காமல் "மீன் சோஸ், ஒய்ஸ்டர் சோஸ், இறால் ஒன்றும் போடாமல் சோயா சோஸில் செய்ய ஏலுமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நம்பி எடுக்கக்கூடியவை: அப்படிச் சொல்லிச் செய்வித்த கங்குன், வெள்ளரிக்காய் அல்லது அவகாடோ ரோல், உப்பு மிளகு டோஃபு, மரக்கறி ஸ்பிரிங் ரோல்ஸ். கறி விழுது ஏற்கெனவே அரைத்து வைத்தது என்பதால் அதில் இருந்து இறாலை எடுக்க முடியாது, கறியை விட்டுவிடுங்கள். ஒரே எண்ணெயில் இறாலும் பொரிப்பார்கள் என்பது மனதுக்கு உறுத்தினால் பொரியல் எதுவுமே வேண்டாம்.

கிண்ணியா, மூதூர் நண்பர்களோடு போகிறீர்கள் என்றால் இறைச்சி ஹலாலா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். ஜப்பான் டெரியாக்கியில் மிரின் என்ற அரிசி மதுவும், சீன வதக்கலில் சமையல் வைனும் போடுவதுண்டு. இல்லாமல் செய்து தருவார்கள், கேட்டால்தான். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் பேட் தாயும் சட்டே சோஸும் மேசைக்கே வர வேண்டாம்.

எத்தனை தட்டு எடுப்பது? நம் ஆட்கள் ஆளுக்கு ஒரு ரைஸ், ஆளுக்கு ஒரு நூடில்ஸ் என்று எடுத்துவிட்டு எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது என்று குறை சொல்வார்கள். நாலு பேருக்கு ஒரு டொம் யம், ஒரு மொறுமொறு (கணவாயோ தெம்புராவோ), குழம்பு ஒன்று, கங்குன் ஒன்று, வெள்ளைச் சோறு இரண்டு, நூடில்ஸ் ஒன்று. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிருங்கள். அம்மம்மா வந்திருந்தால் அவவுக்கு ஹைனான் கோழிச் சோறு கேட்டுப்பாருங்கள், அவித்த கோழி, கோழிச் சாறில் வெந்த சோறு, உறைப்பு முழுக்கப் பக்கத்துக் கிண்ணத்தில் தனியாக வரும், மெல்லவும் கஷ்டமில்லை. பிள்ளைகளுக்கு மோமோ அல்லது அவித்த டம்ப்ளிங். எல்லாத் தட்டையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டாம், பொரியலை முதலில், சோற்றைக் கடைசியில் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் படம் எடுத்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் ஆறிப்போகும்.

இனிப்பில் அதிகம் செலவழிக்காதீர்கள். மாம்பழக் காலம் என்றால் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டுச் சோறும் எடுக்கலாம், மற்ற மாதங்களில் டின் மாம்பழம்தான் வரும். பபிள் டீ தாய்வானில் 1980களில் வந்தது, அந்தக் கறுப்பு உருண்டைகள் மரவள்ளி மாவு. சீனியைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள், அப்போதும் இனிக்கும்.

பில்லுக்காக மெனுவில் கவனிக்க வேண்டியது விலைக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு கூட்டல் குறிகள் (++). சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீத வற் வரி. 2000 ரூபாய் என்று எழுதியிருக்கிற தட்டு முதலில் 2200 ஆகி, வரியோடு 2596க்கு வந்து நிற்கும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருந்தால் மறுபடி டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தம்பி நன்றாகக் கவனித்தார் என்றால் அவருடைய கையில் கொடுங்கள்.

மிஞ்சினால் பார்சல் கேளுங்கள், எல்லாக் கடையிலும் கட்டித் தருவார்கள். ரெண்டாங் அடுத்த நாள் இன்னும் நன்றாக இருக்கும், தாய் கறியும் தாங்கும், லக்சாவாக இருந்தால் சாறையும் நூடில்ஸையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பேட் தாய் கட்டியாகிவிடும், அதை அங்கேயே முடியுங்கள். பச்சை மீனில் செய்தது எதுவும் இந்த வெக்கையில் பார்சல் வேண்டாம். தெம்புராவும் அப்படித்தான், நிலாவெளியில் இருந்து டவுனுக்கு வந்து சேர முன்னரே சவசவத்துப் போயிருக்கும்.